கணக்கு அதிகாரி பதவியை உதறினார். மூலக்கூறுகளின் பிடியை அளந்தார்!
சர் சி.வி. ராமன் வாழ்க்கை வரலாறு

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலையில் நடப்பவர்கள் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியைப் பார்த்திருப்பார்கள். உருண்டையாக, முத்துப்போல நிற்கும். இவ்வளவு பெரிய பூமி அதைக் கீழே இழுக்கிறது. ஆனாலும் துளி சிதறுவதில்லை. துளிக்குள் இருக்கும் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

அணுக்களும் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை ஒளியைக் கொண்டே அளக்கலாம். அதற்கு வழி கண்டவர் ஒரு தமிழர். அவர்தான் சர் சி.வி. ராமன். வாழ்நாளின் கடைசி 37 ஆண்டுகளை அவர் பெங்களூரில் கழித்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து ஜெயமகால் ரோடு வழியாக மேக்ரி சர்க்கிள் போனால், அதற்குப் பக்கத்திலேயே அவர் உண்டாக்கிய ராமன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நீர்த் தலத்தில் பிறந்தவர்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். பஞ்சபூதத் தலங்களில் அது நீருக்கு உரிய தலம். நீரின் நிறத்தை ஆராய்ந்து புகழ் பெறப்போகிறவர் அங்கே பிறந்தது பொருத்தமே.

தந்தை சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். தந்தை கணக்கும் பவுதிகமும் கற்பித்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. கடற்கரை ஊரில் ராமன் வளர்ந்தார்.

11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் பெற்றார். 1907-ல் எம்.ஏ. முடித்தார். மாணவராக இருக்கும்போதே, 1906-ல், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இப்படிப்பட்ட மாணவர்கள் சீமைக்குப் போய்ப் படிப்பதுதான் அந்நாளைய வழக்கம். ராமனைச் சோதித்த டாக்டர், இங்கிலாந்தின் குளிரை இந்த மெலிந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். உள்நாட்டில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அன்று வேலை இல்லை. எனவே ராமன் நிதித்துறை அதிகாரிகளுக்கான பரீட்சை எழுதினார். அதிலும் முதலாவதாக வந்தார்.

1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அதே ஆண்டு கல்கத்தாவில் துணை அக்கவுண்டெண்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார். வயது 18தான். நல்ல சம்பளம். காலம் செல்லச் செல்லத் தானாக உயரும் பதவி. ஒரு நடுத்தரக் குடும்பம் இதற்குமேல் என்ன கேட்கும்?

டிராம் வண்டியில் கண்ட பலகை

ஒருநாள் டிராம் வண்டியில் போகும்போது, பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை ராமன் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்பவர் 1876-ல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ராமன் போய்க் கேட்டார். தாராளமாக வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய நாள் இப்படித்தான் கழிந்தது. விடியற்காலையில் சங்கத்துக்குப் போவார். ஒன்பது மணிக்குமேல் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு ஆபீசுக்கு ஓடுவார். மாலையில் ஆபீஸ் முடிந்ததும் நேரே சங்கம். வீடு வந்து சேர இரவு வெகுநேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் ஆராய்ச்சிதான். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அங்கேயும் ஆராய்ச்சியை விடவில்லை. மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார்.

ஆபீஸ் கணக்கிலும் குறை வைக்கவில்லை. பத்து ஆண்டுகள் இப்படி உழைத்து இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் அங்கே பவுதிகப் பேராசிரியர் பதவி ராமனைத் தேடி வந்தது. சர்க்கார் வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான் சம்பளம். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. இதற்காகச் சீமைக்குப் போக முடியாது என்று ராமன் மறுத்துவிட்டார். விதியைத் தளர்த்தினார்கள். ராமன் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து ஆசிரியராகப் போனார். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்த முடிவின் கனம் தெரியும்.

கடல் ஏன் நீலம்?

முதலில் ஒலியை ஆராய்ந்தார். வயலின், வீணை, மிருதங்கம் எல்லாம் அவருடைய ஆராய்ச்சி மேசைக்கு வந்தன. மற்றக் கொட்டு வாத்தியங்களில் இல்லாத இனிய நாதம் மிருதங்கத்தில் எப்படி வருகிறது என்பதற்கு விஞ்ஞானக் காரணம் காட்டினார். வலந்தலை நடுவில் பூசும் கருஞ்சாந்தின் எடைதான் அந்தச் சுருதிச் சேர்க்கையைத் தருகிறது.

1921-ல் பல்கலைக்கழக மாநாட்டுக்காக இங்கிலாந்து போனார். நார்குண்டா என்ற கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கட்டிப்போட்டது. வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிவதுதான் கடலின் நீலம் என்று இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமனுக்கு அதில் சந்தேகம். சட்டைப்பையில் இருந்த சிறு பட்டகத்தை எடுத்து, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வானொளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. இன்னும் நன்றாகத் தெரிந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது என்று முடிவு செய்தார். கப்பல் பம்பாய் வந்து சேர்ந்ததும் இதை எழுதி லண்டன் நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பினார்.

இங்கேதான் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள விசை வருகிறது. காற்றில் உள்ளதைவிட நீரில் ஆயிரம் மடங்குக்கும் மேலாக மூலக்கூறுகள் நெருங்கியிருக்கின்றன. அப்படியானால் சிதறலும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். ஆனால் கூடவில்லை. காற்றின் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம்போல் இஷ்டப்படி அலைகின்றன. நீரின் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. அந்தப் பிடி சிதறலைக் கட்டுப்படுத்துகிறது.

நான்கு விசைகள்

இயற்கையில் அடிப்படையான விசைகள் நான்கே. முதலாவது ஈர்ப்பு விசை. மாங்காய் விழுவதும் பூமி சூரியனைச் சுற்றுவதும் அதனால். இரண்டாவது மின்காந்த விசை. மற்ற இரண்டும் அணுவின் கருவுக்குள் வேலை செய்பவை. ஒன்று கருவைக் கட்டி நிறுத்தும் வலுவிசை. மற்றொன்று சில அணுக்கரு மாற்றங்களுக்குக் காரணமான மெல்விசை.

நம் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைக் கட்டி நிறுத்துவது இரண்டாவதான மின்காந்த விசைதான். ஒரு எலெக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டானுக்கும் இடையே உள்ள மின் இழுப்பு, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட, 1 போட்டு 39 சைபர் போட்டால் வரும் எண்ணைக் காட்டிலும் அதிக மடங்கு பெரியது. மூலக்கூறில் நேர் மின்சாரமும் எதிர் மின்சாரமும் சமமாக இருப்பதால் வெளியில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனாலும் எலெக்ட்ரான்கள் அசையும்போது சிறு ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. அதனால் பக்கத்து மூலக்கூறை லேசாக இழுக்கிறது. இதன் கணக்கை 1930-ல் பிரிட்ஸ் லண்டன் என்ற விஞ்ஞானி போட்டுக் காட்டினார். கவரில் பசை ஒட்டுவதும், ஈரக் கண்ணாடித் தகடுகள் பிரிய மறுப்பதும், துளி உருண்டு நிற்பதும் இந்த மின்காந்த விசையின் வேலைதான்.

இழுப்பு மட்டும் இருந்தால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நசுங்கிப் போகும். மிக நெருங்கினால் மூலக்கூறுகள் தள்ளவும் செய்கின்றன. பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயிலைப் பார்த்தால் இது புரியும். கப்ளிங் பெட்டிகளைப் பிரியவிடாது. இடையில் இருக்கும் ஸ்பிரிங் மோதவிடாது. இரண்டுக்கும் நடுவே பெட்டிகள் சிறிது முன்னும் பின்னும் ஆடும். அணுக்களும் அப்படியே ஆடிக்கொண்டிருக்கின்றன. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஆட்டம் வேகமாக இருக்கும். பெட்டி கனமாக இருந்தால் ஆட்டம் மெதுவாக இருக்கும். எனவே ஆட்டத்தின் வேகம் தெரிந்தால் பிடியின் இறுக்கம் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத அணுவின் ஆட்டத்தை அளப்பது எப்படி? அதற்குத்தான் ராமன் வழி கண்டார்.

1928 பிப்ரவரி 28

ஒளியைத் திரவங்களில் பாய்ச்சும்போது, சிதறி வரும் ஒளியில் வேறு நிறம் ஒன்று மிக மங்கலாகக் கலந்து வருவதை ராமனின் சீடர் கே.ஆர். ராமநாதன் 1923-லேயே கவனித்திருந்தார். திரவத்தில் அழுக்கு கலந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. 1928 தொடக்கத்தில் வெங்கடேசுவரன் என்ற மற்றொரு மாணவர் கிளிசரினில் இதைத் தெளிவாகக் கண்டார்.

ராமன் தம் சீடர் கே.எஸ். கிருஷ்ணனை இதில் முழுமூச்சாக இறக்கினார். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். சூரிய ஒளியைக் குவித்து, பல சுத்தமான திரவங்களில் செலுத்திச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் புதிய ஒளி தெரிந்தது. பிப்ரவரி 28-ந் தேதி, நிறமாலை காட்டும் சிறு கருவி வழியாகப் பார்த்தபோது, உள்ளே போன நிறமும் புதிதாக வந்த நிறமும் தனித்தனியே பிரிந்து நின்றன. மறுநாள் செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. இதற்குப் பயன்பட்ட கருவிகளின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

ராமன் விளைவு என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒளி ஒரு குறிப்பிட்ட சக்தியோடு மூலக்கூறுக்குள் போகிறது. வெளியே வரும்போது சிறிது குறைகிறது. குறைந்த தொகை எங்கே போயிற்று? மூலக்கூறின் ஆட்டத்துக்குப் போயிற்று. குறைந்தது எவ்வளவு என்று நிறமாற்றத்தைக் கொண்டு கண்டுபிடித்தால், ஆட்டத்தின் வேகம் கைக்கு வந்துவிடும். பத்து ஆண்டுகள் கணக்குகளைத் தணிக்கை செய்தவரின் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தப்பவில்லை.

இந்தக் கணக்கில் நைட்ரஜனின் எண் 2330. ஆக்சிஜனின் எண் 1556. இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வித்தியாசத்துக்குக் காரணம் பிடிதான். நைட்ரஜன் அணுக்களின் பிடி ஆக்சிஜன் அணுக்களின் பிடியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. நீராவியில் 3650 அளவில் மெல்லிய கோடாக இருப்பது, தண்ணீரில் 3400 அளவுக்கு இறங்கி அகன்ற பட்டையாகிவிடுகிறது. பக்கத்து மூலக்கூறு கையைப் பிடித்து இழுப்பதன் அடையாளம் அது. புல் நுனித் துளியைக் காக்கும் அதே பிடி, எண்ணாக வந்து நிற்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ராமன் விரிவான சொற்பொழிவு ஆற்றியது கல்கத்தாவில் அல்ல, பெங்களூரில்தான். 1928 மார்ச் 16-ந் தேதி, இங்குள்ள சென்ட்ரல் கல்லூரியில் அந்தச் சொற்பொழிவு நடந்தது.

பரிசும் பங்கும்

அதே சமயத்தில் மாஸ்கோவில் இரண்டு விஞ்ஞானிகள் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். ராமன் முந்திக்கொண்டு வெளியிட்டார். 1929-ல் சர் பட்டம் வந்தது. 1930-ல் பவுதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விஞ்ஞானத்தில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு அறிவிக்கும் முன்பே கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை!

பரிசு ராமன் ஒருவருக்கே போயிற்று. ஆனால் இரவு பகலாக உடனிருந்து உழைத்த கிருஷ்ணனின் பங்கு மறக்கக்கூடியது அல்ல. நேச்சர் பத்திரிகைக்குப் போன முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தது. கிருஷ்ணன் பிற்காலத்தில் டெல்லி தேசிய பவுதிக ஆய்வுக்கூடத்தின் தலைவராகி, 1961-ல் காலமானார்.

1928 கோடை விடுமுறையில் 17 வயது இளைஞர் ஒருவரும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து போனார். அவர் ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். தன் ஈர்ப்பு விசையாலேயே நட்சத்திரம் எப்போது நொறுங்கும் என்று பின்னாளில் கணக்கிட்டவர். 1983-ல் அவரும் நோபல் பரிசு பெற்றார். சித்தப்பா ஆராய்ந்தது மின்காந்த விசையின் பிடி. மகன் ஆராய்ந்தது ஈர்ப்பு விசையின் பிடி. ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல் பரிசுகள்!

பெங்களூரில் ஏற்றமும் இறக்கமும்

1933-ல் ராமன் பெங்களூர் வந்தார். டாடா இன்ஸ்டிடியூட் என்று மக்கள் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அவர் முதல் இந்திய டைரக்டர். 1934-ல் இந்திய விஞ்ஞான அகாடமியைத் தொடங்கினார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியால் வேலை இழந்த பேரறிஞர் மாக்ஸ் பார்னை அழைத்து, சில மாதம் இங்கே வைத்திருந்தார்.

ஆனால் நிர்வாகம் ராமனுக்கு ஒத்துவரவில்லை. பவுதிகத்துக்கே பணம் போகிறது என்று மற்றத் துறையினர் குறைபட்டார்கள். ராமனும் பேச்சில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. விசாரணைக் குழு வந்தது. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டு விலகினார். அதே கழகத்தில் வெறும் பேராசிரியராக 1948 வரை இருந்தார். பெரிய பதவியில் இருந்தவர், அதே கட்டடத்தில் பதவி இழந்து பதினொரு ஆண்டுகள் வேலை பார்ப்பது எளிதல்ல. ராமன் ஆராய்ச்சியில் மனத்தைச் செலுத்தினார்.

வைரத்தில் தடுக்கிய விவாதம்

வைரம் என்றால் ராமனுக்கு உயிர். நகைக்காக அல்ல, சோதனைக்காக நூற்றுக்கணக்கில் சேர்த்தார். வைரத்தின் ராமன் எண் 1332. கரி அணுக்கள் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்து நிற்கின்றன என்பதை அது காட்டும்.

இங்கேதான் பார்னுக்கும் ராமனுக்கும் கருத்து மோதல். படிகம் முழுவதும் நீண்ட சரக்கு ரயில்போல் இணைந்தது. ஒரு வண்டி ஆடினால் ஆட்டம் கடைசி வண்டிவரை ஓடும். ஆகவே ஆட்டங்கள் எண்ணற்றவை என்பது பார்னின் கொள்கை. அப்படி இல்லை, பக்கத்து அணுக்கள் சில சேர்ந்து ஆடும் சில குறிப்பிட்ட ஆட்டங்களே உண்டு என்றார் ராமன். பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. பின்னர் நியூட்ரான்களைச் செலுத்தி நடத்திய சோதனைகள் பார்ன் பக்கமே தீர்ப்பு அளித்தன. ராமன் கடைசிவரை ஒப்பவில்லை. ராலேயின் முடிவைச் சோதனையால் புரட்டியவர், தம் முடிவைச் சோதனை புரட்டியபோது ஏற்க மறுத்தார். அவர் பெருமையை இது குறைத்துவிடாது. ஆனால் வாழ்க்கை வரலாற்றில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்தக் காலில் நின்ற நிலையம்

1948-ல் பேராசிரியர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றதும், மைசூர் மகாராஜா அகாடமிக்குக் கொடுத்திருந்த நிலத்தில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். சர்க்கார் பணம் வாங்கினால் சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அரசு மானியத்தில் இருந்து ஒதுங்கியே நின்றார். நிலையத்தைச் சுற்றி மரங்களும் ரோஜாச் செடிகளும் வளர்த்தார். பூக்களின் நிறம், கண்ணின் பார்வை என்று ஆராய்ச்சி தொடர்ந்தது.

1954-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டுத் தம் வைரங்களையும் படிகங்களையும் காட்டி விளக்குவார். ஆண்டுதோறும் காந்தி ஜெயந்தி அன்று பொதுமக்களுக்காகச் சொற்பொழிவு ஆற்றுவார். கடைசிச் சொற்பொழிவு 1970 அக்டோபர் 2-ந் தேதி. காது எப்படிக் கேட்கிறது என்பது பொருள்.

அந்த மாத இறுதியில் உடல்நலம் குன்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தம் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்று விரும்பினார். நிலையத்துக்கே கொண்டுவந்தார்கள். 1970 நவம்பர் 21-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 82. அவர் விருப்பப்படி நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. சமாதி எதுவும் எழுப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

இன்றும் பேசும் ஒளி

1960-ல் லேசர் ஒளி வந்தபின் ராமன் விளைவின் பயன் பல மடங்கு பெருகியது. மாத்திரையில் கலப்படம் உண்டா, கல் உண்மை வைரமா, பெட்டியில் இருப்பது வெடிமருந்தா என்பதைத் தொடாமலே சொல்லிவிடும் கருவிகள் வந்துவிட்டன. 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஆய்வு வண்டியும், அங்குள்ள பாறைகளைச் சோதிக்க ராமன் விளைவுக் கருவிகளைச் சுமந்து சென்றது.

பிப்ரவரி 28-ந் தேதியை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாக நாடு கொண்டாடுகிறது. காலையில் ஒன்பது மணிவரை ஒரு வேலை, பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடியும் அதே வேலை என்று பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு கணக்கு அதிகாரியின் உழைப்புக்குக் கிடைத்த நாள் அது.